சைலன்சரைக் கழற்றிப் பார்க்காமல் பழைய செயின் சா வாங்காதீர்கள்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்தால் என் பட்டறைக்கு உரச்சாக்குகள் வரத் தொடங்கும். ஒவ்வொரு சாக்குக்குள்ளும் ஒரு செயின் சா. தை பிறந்ததும் மஞ்சள் வெட்டு, அதன் பின்னாலேயே வேகவைப்பு, நடுவில் கோயில் நோம்பி, கல்யாணம் என்று விறகுக்கு எல்லோரும் அலையும் காலம் அது. போன வருஷம் ஓட்டிவிட்டு மூலையில் போட்ட மெஷின், கயிறை எத்தனை இழுத்தாலும் எடுக்காது. இல்லையென்றால் யாரிடமோ சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கிய பழைய மெஷின் மூன்றாம் நாளே நின்றிருக்கும்.

முத்தூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். டிவிஎஸ் 50-இல் தொழில் கற்று, பவர் ஸ்பிரேயர் பார்த்து, இப்போது பாதி வேலை செயின் சாதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு முப்பது வருஷம் ஆகிவிட்டது. பழைய மெஷின் வாங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். வாங்குவது மெஷினை மட்டும் இல்லை, முன்னால் வைத்திருந்தவரின் பழக்கத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அவர் ஆயில் அளந்து ஊற்றினாரா, செயினை அரம் போட்டாரா, ஏர் ஃபில்டரைத் தட்டினாரா என்பதெல்லாம் உள்ளே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எனக்கு அது தெரிந்தது 2009-இல். முதல் செயின் சாவை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் வீட்டு வாசலில் போனதுமே ஒரே இழுப்பில் எடுத்துக் காட்டினார். சத்தம் கணீரென்று இருந்தது. சந்தோஷமாகக் கொண்டு வந்தேன். மூன்று நாளில் சூடானால் நிற்கும், ஆறினால்தான் எடுக்கும் என்று ஆகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்கக் கீறல். நான் போவதற்கு முன்பே அவர் அதை ஓட்டிச் சூடாக்கி, பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கெட்டி ஆயில் விட்டிருக்கிறார். அந்த ஆயில், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் ஓரத்தை அடைத்துக்கொள்வதால் கொஞ்ச நேரத்துக்கு கம்ப்ரஷன், அதாவது உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தம், ஏறிக் காட்டும். அது எரிந்து தீர்ந்ததும் உண்மை வெளியே வந்துவிடும்.

அதனால் முதல் காரியம், போவதற்கு முன்னால் போன் போட்டு, "மெஷினை ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நான் வந்து பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் டீ குடித்துவிட்டு ஆறும் வரை உட்காருங்கள். அவசரம் விற்கிறவருக்குத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது சைலன்சர். ஸ்டில் (Stihl) கம்பெனி மெஷினுக்கு டி27 நட்சத்திரச் சாவி, சைனா மெஷினுக்கு 4, 5 நம்பர் ஆலன் சாவி, செல்போன் டார்ச், ஒரு ஈர்க்குக் குச்சி. இவ்வளவு சட்டைப் பையில் இருந்தால் போதும். இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் சைலன்சர் கையோடு வந்துவிடும். உள்ளே ஒரு சின்ன ஜன்னல் மாதிரி எக்ஸாஸ்ட் வழி தெரியும். கயிறை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை அந்த ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள்.

நல்ல பிஸ்டனில், லேத்தில் கடைந்த மெல்லிய கோடுகள் குறுக்குவாட்டில் வரிவரியாக இன்னும் தெரியும். லேசாகப் பழுப்பேறியிருந்தால் குற்றமில்லை. கெட்ட பிஸ்டனில் மேலிருந்து கீழாக நகத்தால் பிராண்டியது போலக் கோடு ஓடும். ஒன்றிரண்டு மயிரிழைக் கோடு என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அலுமினியம் பூசி இழுத்தது மாதிரி இருந்தால் அந்த மெஷின் ஒருமுறை சிக்கி நின்றிருக்கிறது. கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோலில் ஆயில் போதாமல் போயிருக்கிறது, அல்லது எங்காவது காற்று கசிந்து பெட்ரோல் குறைந்து சூடேறியிருக்கிறது. கார்ப்ரேட்டர் இருக்கும் பக்கம் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் கிழிந்த நிலையில் மரத்தூளோடு ஓட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகவே ரிங்கை ஈர்க்கால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அசையவில்லை என்றால் கரி பிடித்து ரிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"சைலன்சரெல்லாம் கழட்டக் கூடாதுங்ணா" என்று விற்பவர் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். மறைக்க ஒன்றும் இல்லாதவர் அவரே ஸ்பேனர் எடுத்துத் தருவார்.

சைலன்சரை மாட்டிய பிறகு மெஷினை ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து அந்தரத்தில் தொங்கவிடுங்கள். கம்ப்ரஷன் இருந்தால் மெஷின் கொஞ்சம் இறங்கி, நின்று, மறுபடி கொஞ்சம் இறங்கி என்று படிப்படியாகக் கீழே போகும். வாளி கிணற்றில் விழுவது போலச் சர்ரென்று போனால் ரிங்கோ, போர் என்கிற சிலிண்டரோ போய்விட்டது. ஸ்பிரிங் வைத்த சுலப ஸ்டார்ட் மெஷினிலும், கம்ப்ரஷனைக் குறைக்கும் பட்டன் அழுத்திய நிலையிலும் இந்தச் சோதனை சரியாகக் காட்டாது. கம்ப்ரஷன் மீட்டர் இருந்தால் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து முள் ஏறாமல் நிற்கும் வரை இழுங்கள். 150 பிஎஸ்ஐ பக்கம் வந்தால் நிம்மதி. 120-க்குக் கீழே போனால் ரிங் செலவைக் கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஸ்டார்ட்டர் மூடியின் நாலு ஸ்குரூவைக் கழற்றினால் மேக்னட் சக்கரம் தெரியும். அதைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தட்டினால் கிராங்க் பேரிங் முடிந்தது. பழைய மெஷினில் அது பெரிய செலவு, நான் என்றால் வாங்க மாட்டேன். ஸ்குரூ தலைகள் மழுங்கியிருக்கின்றனவா, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத போல்ட் போட்டிருக்கிறார்களா, டேங்கில் எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார்களா என்பதும் அப்போதே கண்ணில் படும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் ஸ்டார்ட். ஆறிய மெஷின் சோக்கில் நாலைந்து இழுப்புக்குள் உயிர் காட்ட வேண்டும். பத்து நிமிஷம் ஒரு கட்டையை அறுக்கச் சொல்லுங்கள், நிறுத்துங்கள், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி இழுங்கள். சூட்டில் எடுக்க மறுக்கும் மெஷினில் கம்ப்ரஷன் போயிருக்கும், அல்லது பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் சூடானதும் பொறியை விட்டுவிடுகிறது. 2009-இல் இந்த ஐந்து நிமிஷத்தை நான் காத்திருந்தால் 6,500 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

எந்த அளவு மெஷின் என்பதில் நம் ஊர்க்காரர்கள் பெரிதாக எடுத்து ஏமாறுகிறார்கள். இட்டேரி (வண்டிப்பாதை) ஓரத்து வேலிகாத்தான், காற்றில் சாய்ந்த வேம்பு, தோப்பில் காய்ந்த கிளை, வீட்டு அடுப்புக்கு ஒன்றரை அடித் துண்டு, இவ்வளவுதான் வேலை என்றால் 35 முதல் 45 சிசி, 16 அல்லது 18 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) தாராளம். ஸ்டிலின் எம்எஸ் 180 என்பது 32 சிசிக்குள்தான், ஆனால் வேலிகாத்தான் வேலைக்கு அதையே பத்து வருஷம் ஓட்டுகிறவர்கள் உண்டு. புளி, வாகை, தூங்குமூஞ்சி என்று கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம் அறுப்பவர்களுக்கு எம்எஸ் 382 மாதிரி 70 சிசி தேவைப்படும். ஸ்டில் 070 என்று ஒரு பழைய யானை வரும், 106 சிசி, இன்ஜின் மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல். சாமில்லுக்கு மரம் போடுகிறவர்களுக்கு அது தெய்வம். விறகுக்கு அதைத் தூக்கினால் மத்தியானத்துக்குள் கை நடுங்கும், நடுங்கும் கையில் செயின் சா இருக்கக் கூடாது.

பிறகு சைனா மெஷின். மூடியில் 58 சிசி என்று ஒட்டியிருக்கும். வெர்னியரில் அளந்தால் போர் 45.2 மில்லி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மில்லி. கணக்குப் போட்டால் 55-ஐக்கூடத் தொடாது. அதற்காக அதை நான் ஒதுக்கவில்லை. எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே ஒரே அச்சு என்பதால் கார்ப்ரேட்டர், காயில், போர் பிஸ்டன் செட் எல்லாம் ஈரோட்டிலும் கோவையிலும் ஸ்பிரேயர் உதிரி விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். செத்த சைனா மெஷின் ஒன்று உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்தால் நான் விடமாட்டேன், இன்னொன்றுக்கு உதிரியாகும். ஆனால் அதில் 22 அங்குலப் பார் போட்டு விற்பது தப்பு. பலம் பத்தாது. 18 அங்குலத்துக்கு மாற்றினால் அதே மெஷின் ஆளே மாறிவிடும்.

பழைய மெஷின் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். வால்பாறை, கோத்தகிரி எஸ்டேட்டில் நிழல்மரம் கழித்த மெஷின்கள் அதிகம் உழைத்திருக்கும், ஆனால் பொதுவாக ஆயில் ஒழுங்காகப் பார்த்திருக்கும். 2018-இல் கஜா புயல் அடித்தபோது இங்கிருந்து மெஷினோடு டெல்டாவுக்குப் போனவர்கள் நிறைய. நானும் ஒரு வாரம் பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்தேன். விழுந்த தென்னைகளை ராத்திரி பகலாக அறுத்தோம். அங்கே போய் வந்த மெஷின்களைத்தான் அடுத்த வருஷம் முழுக்கப் பிரித்தேன். தென்னை நாரும் மண்ணும் செயினை மழுங்க அடித்து, மழுங்கின செயினை அழுத்தி அழுத்தியே இன்ஜினைச் சாகடித்திருந்தார்கள்.

இனி ரிப்பேர். சாக்கில் வரும் பத்து மெஷினில் ஆறேழுக்கு வியாதி பெட்ரோல்தான். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் பிரிந்து நிற்கும். அந்தத் தண்ணீரில் ஆயில் கலந்திருக்காது, பெட்ரோல் குழாயின் வாயோ டேங்க் அடியில்தான் கிடக்கிறது. ரப்பர் குழாய் ஊறிப்போய்ப் பிசுபிசுக்கும், கார்ப்ரேட்டருக்குள் டயாப்ரம் என்கிற மெல்லிய சவ்வு விறைத்துப்போய்த் தகரம் மாதிரி ஆகும். ஆகவே கலந்த பெட்ரோலை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

கலக்கும் கணக்கு: செயின் சாவுக்கென்றே கம்பெனி விற்கும் நல்ல ஆயில் என்றால் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஊசி போடும் சிரிஞ்ச் 20 மில்லி வாங்கி அதைப் பெட்ரோல் கேனோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு ஒன்று நானே கட்டிக் கொடுத்துவிடுவேன். சிரிஞ்ச் விலைக்கும் பிஸ்டன் விலைக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

போன மார்கழியில் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஒரு மெஷின் கொண்டு வந்தான். "புதுசாட்டமே இருக்குதுங்ணா, ஆனா எடுக்க மாட்டேங்குது. கார்ப்ரேட்டரே மாத்தணும்னு சொல்லிட்டாங்க." நான் பார்த்த வரிசையை அப்படியே சொல்கிறேன், இதே வரிசையில் நீங்களும் பார்க்கலாம்.

முதலில் பிளக். கழற்றினேன், காய்ந்திருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் வழிந்துவிட்டது என்று பொருள். பிளக்கை இன்ஜின் உடம்பில் ஒட்டிவைத்து இழுத்தேன். நீலப் பொறி வந்தது, காயில் நல்லது. பிளக் இடைவெளி 0.5 மில்லி. காயிலுக்கும் மேக்னட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடம் இருந்தால் சரி. அடுத்து டேங்கிலிருந்து பெட்ரோல் குழாயைக் கொக்கி போட்டு வெளியே இழுத்தேன். நுனியில் இருக்கும் ஃபில்டர் பழுப்பேறி, குழாய் வெடித்திருந்தது. அதை மாற்றியும் பெட்ரோல் ஏறவில்லை. அப்புறம்தான் கார்ப்ரேட்டர்.

கார்ப்ரேட்டரின் ஒரு பக்கம் ஒரு ஸ்குரூ, இன்னொரு பக்கம் நாலு ஸ்குரூ. மூடியைக் கழற்றும் ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கிங்கும் டயாப்ரமும் எது மேலே எது கீழே என்பது மாறினால் அந்தக் கார்ப்ரேட்டர் பெட்ரோலே இழுக்காது. இப்படி மாற்றிப்போட்டு, ஆகாது என்று தூக்கி எறிந்த நல்ல கார்ப்ரேட்டர்கள் எத்தனையோ. தம்பியின் மெஷினில் டயாப்ரத்தை விரலில் வைத்து வளைத்தால் படபடவென்று ஒலித்தது. புது டயாப்ரம் கோழி முட்டையின் உள்தோல் மாதிரித் துவண்டு சத்தமில்லாமல் வளையும். டயாப்ரமும் பேக்கிங்கும் சேர்ந்த கிட்டை மாற்றினேன், உள்ளே இருக்கும் சின்ன வலைச்சல்லடையைக் கழுவினேன், ஊசியின் லீவரை வளைக்காமல் இருந்த உயரத்திலேயே விட்டேன். மூன்றாவது இழுப்பில் எடுத்தது. கார்ப்ரேட்டர் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஸ்குரூ சரிசெய்வது. எல் (குறைந்த வேகத்துக்கு), ஹெச் (முழு வேகத்துக்கு) என்று இரண்டு ஸ்குரூ இருக்கும். இரண்டையும் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, ஒவ்வொரு சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். அழுத்தி முறுக்கினால் ஊசி முனை கெடும். இன்ஜின் சூடானதும் எல் ஸ்குரூவை, ஆக்ஸிலேட்டர் அழுத்தினால் தடுமாறாமல் எழும்பும்படி வையுங்கள். ஐடிலில் செயின் ஓடக் கூடாது. ஹெச் ஸ்குரூவில்தான் ஆட்கள் மெஷினைக் கொல்கிறார்கள். உள்ளே திருப்பத் திருப்பச் சத்தம் கூர்மையாகி வேகம் ஏறும், கேட்க நன்றாக இருக்கும். அந்தக் கூர்மை வந்தால் பெட்ரோல் குறைந்து, அதோடு ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சிக்கப்போகிறது என்று அர்த்தம். மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் பிடித்தால் கொஞ்சம் கொரகொரக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தக் கொரகொரப்பு தெளிய வேண்டும். அதுதான் சரியான இடம்.

ஸ்குரூவே தொடாத மெஷின் திடீரென்று தானாக வேகம் ஏறினால் ஸ்குரூவில் கை வைக்காதீர்கள், எங்கோ காற்று கசிகிறது. கார்ப்ரேட்டருக்கும் போருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கும், சைனா மெஷினில் இது அடிக்கடி வரும். அல்லது கிராங்க் சீல். ஓடி ஓடி நின்றுவிடுகிறது, டேங்க் மூடியைத் தளர்த்தினால் மறுபடி ஓடுகிறது என்றால் டேங்கின் காற்றுவழி அடைப்பு. பலமே இல்லை, சத்தம் அமுங்கி வருகிறது என்றால் சைலன்சர் வாயில் இருக்கும் வலை கரியால் அடைத்திருக்கும். கழற்றி நெருப்பில் காட்டித் தேய்த்து மாட்டினால் போதும், ஒரு பைசா செலவில்லை.

கிளட்ச் கழற்ற வேண்டியிருந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். அதன் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் சுத்தியலால் மறுபக்கம் அடித்து உடைத்துக் கொண்டுவருகிறார்கள். பிஸ்டனை நிறுத்த ஸ்க்ரூ டிரைவரை விடாதீர்கள். பிஸ்டன் எக்ஸாஸ்ட் வழியைத் தாண்டி ஏறிய பிறகு, பிளக் ஓட்டை வழியாகப் பழைய ஸ்டார்ட்டர் கயிறைத் திணித்தால் அது மெத்தென்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது செயின். இன்ஜினை விட இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இன்ஜின் சாவதே இதனால்தான். கூர்மையான செயின் மரத்தைச் செதில் செதிலாகத் தள்ளும், மெஷின் தன் எடையிலேயே இறங்கும். மழுங்கிய செயின் மாவு மாதிரித் தூள் தள்ளும். மாவைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் அழுத்துகிறவர் ஒரே நேரத்தில் மூன்றைக் கெடுக்கிறார். இன்ஜின் சூடேறுகிறது, மாவுத்தூள் ஏர் ஃபில்டரை அடைக்கிறது, பார் தேய்ந்து கருகுகிறது.

அரத்தின் அளவு செயினின் கண்ணி இடைவெளியைப் பொறுத்தது; அதை அங்குலத்தில் 3/8, .325 என்று சொல்வார்கள். சின்ன மெஷினின் குட்டிச் செயின் 3/8 என்றால் 4 மில்லி உருட்டு அரம். சைனா மெஷினின் .325 செயினுக்கு 4.8 மில்லி. பெரிய மெஷினின் 3/8-க்கு 5.2 அல்லது 5.5. பாரின் அடியில் செயினின் அளவும், பாரின் பள்ளத்துக்குள் ஓடும் பல்லின் எண்ணிக்கையும் அச்சடித்திருக்கும். மாற்றுச் செயின் வாங்கப் போகும்போது அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அரம் போடுவது இப்படி. கட்டையில் ஒரு வெட்டு போட்டு அதில் பாரை இறுக்கமாக நிறுத்துங்கள், மெஷின் ஆடக் கூடாது. முதல் பல்லில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள், எங்கே ஆரம்பித்தோம் என்பது மறக்காது. பல்லின் உள்பக்கமிருந்து வெளிப்பக்கம், 30 டிகிரி சாய்வில், ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போகும், பல்லும் போகும். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும். பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கப் பற்களை முடித்து, மெஷினைத் திருப்பி மறுபக்கம். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதும் அழுத்தம் கூடிவிடும். அறுக்கும்போது வெட்டு வளைந்து ஒரு பக்கமாக இழுக்கிறதா, அதுதான் காரணம். பல்லின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் வெள்ளையாக ஒரு கோடு மின்னினால் இன்னும் மழுக்கம் போகவில்லை. மின்னல் மறைந்தால் கூர்மை வந்துவிட்டது.

மூன்று நான்கு முறை அரம் போட்டால் பல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டை முளையையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். பல்லை விட அது 0.65 மில்லி தாழ்ந்திருந்தால் சரி. அதற்கென்று ஒரு சின்னத் தகடு விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணளவில் அதிகம் இறக்கினால் செயின் மரத்தைக் கடித்துத் தூக்கி எறியும்.

வேலிகாத்தானுக்கு நான் டேங்க் பெட்ரோலுக்கு ஒருமுறை இரண்டு தள்ளு போடுவேன். தென்னைக்குப் பாதி டேங்குக்கே வேண்டும். ரோட்டோர வேம்பில் அறுக்கும் முன் விளம்பரப் பலகை அடித்த ஆணிகளைத் தேடுங்கள். பழைய வேலியில் நின்ற மரம் என்றால் முள்கம்பியை விழுங்கியிருக்கும். மரத்தில் கருநீலமாக ஒரு கறை தெரிந்தால் உள்ளே இரும்பு.

பாருக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவது இங்கே எல்லோருக்கும் வழக்கம். வேண்டாம். அதில் இரும்புத் தூள் இருக்கிறது, ஆயில் பம்ப்பைத் தின்றுவிடும், மேலே தெறிப்பதும் உடம்புக்கு ஆகாது. பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். பொள்ளாச்சியில் ஒரு தோப்புக்காரர் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஓட்டினார், நன்றாகவே ஓடியது. மார்கழி விடியலில் உறைந்து பம்ப் அடைத்துக்கொண்டது. ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு வெட்டின கட்டைக்கு மேலே பிடித்து வேகம் கொடுங்கள், கட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் அரை மில்லி பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது புதுச் செயினையும் கெடுக்கும்.

பழைய மெஷினில் முன்னால் கைக்குக் குறுக்கே நிற்கும் பிரேக் கைப்பிடி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். என் மச்சான் வேலிகாத்தான் புதருக்குள் அறுத்தபோது பார் நுனியின் மேல்பகுதி உள்ளே இருந்த இன்னொரு தடியில் பட்டது. வேலிகாத்தான் ஒரே தூரில் பத்துத் தடியாக வளரும், நுனி எங்கே படுகிறது என்று தெரியவே தெரியாது. பார் அப்படியே எகிறி முகத்துக்கு வந்தது. அவர் தலையைச் சாய்த்ததால் தோளில் இறங்கியது, பதினான்கு தையல். அந்த மெஷினில் பிரேக் இல்லை. அதை வேலைக்குக் கொடுத்தவரே கழற்றிவைத்திருந்தார். அன்றிலிருந்து பிரேக் இல்லாத மெஷினை நான் ரிப்பேர் செய்து கொடுப்பதில்லை, முதலில் பிரேக், பிறகுதான் மற்றது. சோதிக்க, இன்ஜினை நிறுத்திவிட்டு, கட்டைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் பின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு முன்கையை விடுங்கள். பார் நுனி கட்டையில் மோதும் வேகத்தில் பிரேக் தானாக விழ வேண்டும்.

லுங்கி, வேட்டியோடு அறுக்காதீர்கள். கண்ணாடி, காதுக்கு அடைப்பு, ஷூ. தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள், ஏணியில் நின்று அறுக்கவே அறுக்காதீர்கள். வளைந்து விறைத்து நிற்கும் தடியை ஒரே வெட்டில் விடாதீர்கள், உள்வளைவுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி விறைப்பை இறக்குங்கள்.

மெஷின் கையில் இருப்பதால் நிற்பதையெல்லாம் சாய்க்கத் தோன்றும். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், நிற்கும் வெள்வேல மரத்தையும் உயிரோடு தொடாதீர்கள். கோடையில் புல் தீர்ந்த பிறகு ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதன் காய்தான் தீனி. காற்றில் விழுந்ததை மட்டும் நான் அறுப்பேன். வேலிகாத்தானுக்கு இங்கே பஞ்சமா என்ன?

சித்திரை பிறந்து வேலை ஓய்ந்ததும் டேங்கைக் கவிழ்த்துப் பெட்ரோலை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்ப்ரேட்டர் காய்ந்துவிடும். பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மெதுவாக இரண்டு தரம் இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். செயினைக் கழற்றி ஆயிலில் ஊறப்போடுங்கள். மெஷினைச் சாக்கில் போட்டுத் தரையில் வைக்காமல் சாளையின் (தோட்டத்துக் கொட்டகையின்) விட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பெட்ரோல் குழாய் ரப்பர் எலிக்கு ரொம்பப் பிடிக்கும்.